வண்டி நாமளே ஓட்டிக்கலாமுங்க!

கொங்குக் குடும்பங்களின் ஐரோப்பியச் சுற்றுலா: எங்கே ரயில், எங்கே கார்?

கரூர்க்காரர்களுக்கு ஃபிராங்க்ஃபர்ட் புது ஊர் இல்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் அங்கே நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போர்வை, மேசை விரிப்பு, திரைச்சீலை சாம்பிள்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போய்வருகிறவர்கள் அவர்கள். திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்காரர்களுக்கு ஜெர்மனியும் ஸ்பெயினும் பையர் இருக்கிற ஊர். கோவையின் டெக்ஸ்டைல் மெஷின்காரர்கள் நாலு வருடத்துக்கு ஒருமுறை ஐ.டி.எம்.ஏ. கண்காட்சிக்குக் கிளம்புவார்கள். 2019-ல் பார்சிலோனா, 2023-ல் மிலன், அடுத்தது 2027-ல் ஹனோவர்.

ஆனால் இவர்களில் பலர் பார்த்த ஐரோப்பா என்பது ஏர்போர்ட், ஹோட்டல், கண்காட்சி அரங்கு, மறுபடி ஏர்போர்ட். வீட்டில் இருப்பவர்கள் பார்த்ததோ போனில் வந்த படங்கள் மட்டும். இப்போது அந்த வீட்டில் இருப்பவர்கள் கிளம்புகிறார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும், ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ, ஒரு குடும்பமாகக்கூட இல்லை, மச்சான் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு இரண்டு குடும்பமாக.

பேச்சு தொடங்கி அரைமணி நேரத்தில் யாராவது ஒருவர் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுவார்: “வண்டி நாமளே ஓட்டிக்கலாமுங்க!”

சொல்லாமல் எப்படி இருப்பார்கள்? கோவைக்கு மோட்டார் என்பது ரத்தத்தில் ஊறிய சமாச்சாரம். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடு, பிற்பாடு ஐரோப்பா முழுக்கச் சுற்றி, 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படம்பிடித்தவர். அவர் பெயரைச் சொல்லும் கார் அருங்காட்சியகம் அவிநாசி சாலையில் இருக்கிறது. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். இந்த ஊரில் வளர்ந்தவரிடம் போய், வெளிநாட்டில் வண்டி ஓட்டாதீர்கள் என்றால் கேட்கமாட்டார். கேட்க வேண்டியதும் இல்லை. எந்த மூன்று நாள் ஓட்டுவது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

பத்து நாள், ஏழு நாடு

முதலில் டூர் பேக்கேஜைப் பற்றி நியாயமாக இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். வயதான அப்பா அம்மா, மூட்டுவலி, சாப்பாட்டுக் கவலை என்று இருப்பவர்களுக்குச் சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு போகும் குழுப் பயணம் நல்ல ஏற்பாடு. விசா முதல் ஹோட்டல் வரை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் பத்து நாளில் ஏழு நாடு என்று நோட்டீஸ் அடிக்கும்போது, அதில் பாதி நாள் பஸ் ஜன்னல் வழியாகத்தான் கழியும் என்பதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பஸ் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். நாளொன்றுக்குப் பொதுவாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டவும் கூடாது. கைடு மணி பார்த்துக்கொண்டே விரட்டுவதற்குக் காரணம் இதுதான்.

சொந்தமாகத் திட்டம் போடுகிறவர்களும் அதே பேராசையில்தான் விழுகிறார்கள். வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமும் போய், ப்ராக்கும் போய், பார்சிலோனாவும் போய் வந்துவிடலாம் என்று தோன்றும். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாள் செத்தது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி அடுக்க வேண்டும், அறையைக் காலி செய்ய வேண்டும், ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், போன இடத்தில் மூன்று மணி வரை ரூம் தரமாட்டான். இரண்டு வாரத்துக்கு மூன்று நாடு, ஐந்து தங்குமிடம். அதற்கு மேல் போனால் அது சுற்றுலா இல்லை, சரக்குப் போக்குவரத்து.

போகும் வழியும் திரும்பும் வழியும் ஒரே ஊராக இருக்கத் தேவையில்லை. கோவையிலிருந்து ஐரோப்பாவுக்கு நேர் விமானம் கிடையாது. நம்மவர்கள் பெரும்பாலும் கொச்சி, பெங்களூர் அல்லது சென்னை போய், வளைகுடா வழியாகப் பறக்கிறார்கள். அந்த டிக்கெட்டைப் போடும்போதே பாரிஸில் இறங்கி ரோமில் ஏறுவதாகப் போட்டுவிட்டால், கிளம்பின ஊருக்கே திரும்பி வரும் ஒரு முழுநாள் மிச்சம்.

நாம் சொல்லும் திட்டம் இது. பாரிஸில் மூன்று இரவு. அங்கிருந்து டி.ஜி.வி. ரயிலில் ஸ்ட்ராஸ்பூர். இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஸ்ட்ராஸ்பூரில் காரை எடுத்து, கோல்மார் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மூன்று இரவு தங்கி, அல்சாஸ் திராட்சைத் தோட்டங்களையும் ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியின் கருங்காட்டையும் சுற்றிவிட்டு, காரை மறுபடி ஸ்ட்ராஸ்பூரிலேயே விட்டுவிடுவது. பிறகு ரயிலில் பாசல் வழியாக ஸ்விட்சர்லாந்தின் இன்டர்லாக்கன், நாலு இரவு. அங்கிருந்து ஷ்பீட்ஸ், மிலன் வழியாக ஃபுளோரன்ஸ் இரண்டு இரவு, ரோம் இரண்டு இரவு, விமானம். முதுகெலும்பு ரயில், கார் நடுவில் மூன்றே நாள்.

ரயில்: பாஸ் வேண்டுமா, டிக்கெட் போதுமா?

யூரெயில் பாஸ் என்ற பெயர் நம் ஊரில் பிரபலம். 33 நாடுகளில் செல்லும், 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் பாஸ் இருந்தாலும் பிரான்ஸின் டி.ஜி.வி., யூரோஸ்டார், இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா போன்ற அதிவேக ரயில்களில் சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்தே ஆக வேண்டும். அதில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கிய இடம் தீர்ந்துவிட்டால் பாஸ் கையில் இருந்தும் பயனில்லை. தேதி முடிவான குடும்பத்துக்கு, மேலே சொன்ன மாதிரி நாலைந்து நெடும்பயணம்தான் என்றால், மூன்று நாலு மாதம் முன்பே தனித்தனி டிக்கெட் எடுப்பதே லாபம். தட்கலை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நம் பழக்கம் அங்கே எடுபடாது. அங்கே கடைசி நேர டிக்கெட் விமானக் கட்டணம் மாதிரி ஏறிக்கொண்டே போகும். பாஸ் யாருக்கு என்றால், காலையில் எழுந்து எங்கே போகலாம் என்று முடிவு செய்யும் கல்லூரிப் பையன்களுக்கு.

பாரிஸில் ஒரு பொறி இருக்கிறது. அங்கே சென்ட்ரல், எழும்பூர் இரண்டோடு முடியவில்லை. திசைக்கொரு பெரிய ஸ்டேஷன். லண்டன், ஆம்ஸ்டர்டாம் ரயில்கள் கார் து நோர் நிலையத்துக்கு வரும். ஸ்ட்ராஸ்பூர், ஃபிராங்க்ஃபர்ட் ரயில்கள் கார் து லெஸ்ட். சூரிச் ரயில் கார் து லியோன். டிக்கெட்டில் பாரிஸ் என்று மட்டும் பார்த்துவிட்டுத் தவறான நிலையத்தில் போய் நின்றால் ரயில் போய்விடும். போர்ட்டரும் கிடையாது. ரயில் பெட்டிக்குள் நம் பெட்டியை நாமே தூக்கி ஏற்ற வேண்டும். ஆகவே ஆளுக்கு ஒரு பெட்டி, அவரவர் தூக்கக்கூடிய எடையில். இந்த ஒரு விதியை வீட்டில் அமல்படுத்துவதுதான் மொத்தப் பயணத்திலேயே கடினமான வேலை.

நேரம் தவறாமை என்றால் ஐரோப்பா என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஜெர்மனியில் ஏமாறுவார்கள். 2024-ல் ஜெர்மன் ரயில்வேயின் நெடுந்தூர வண்டிகளில் சரியான நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். அதிலும் ஆறு நிமிடத்துக்குள் தாமதம் என்றால் அது ‘சரியான நேரம்’ என்று கணக்கு. ஸ்விஸ் ரயில்வே மூன்று நிமிடத்துக்கே தாமதம் என்று குறித்துக்கொண்டு, அப்படியும் 93 சதவீதம் காட்டுகிறது. ஆகவே ஜெர்மனியில் வண்டி மாறுவதாக இருந்தால் நடுவில் முக்கால் மணி நேரமாவது விடுங்கள். ஸ்விட்சர்லாந்தில் எட்டு நிமிடம் போதும்.

மேட்டுப்பாளையத்தின் சொந்தக்காரர்கள்

ஸ்விட்சர்லாந்து என்றதும் பலரும் பனியைத்தான் நினைக்கிறார்கள். கொங்கு நாட்டவர்கள் அங்கே பார்க்க வேண்டியது தண்டவாளத்தின் நடுவில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நம் மலை ரயில், கல்லாறு தாண்டியதும் ஒரு பல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுமல்லவா? அருகருகே இரண்டு இரும்புப் பட்டை, ஒன்றின் பல்லும் மற்றதன் பல்லும் ஒரே நேரில் வராமல் தள்ளித் தள்ளி. அதனால் எஞ்சினின் பல்சக்கரம் எந்த நேரமும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்விக்கொண்டே இருக்கும். அந்த அமைப்புக்கு ஆப்ட் என்று பெயர். கண்டுபிடித்த ரோமன் ஆப்ட் ஒரு ஸ்விஸ்காரர். நம் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களில் பழையவை ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. அதற்கும் முன்னால், 1882-லேயே நீலகிரிக்கு ரயில் போடத் திட்டம் கொடுத்த பொறியாளர் ரிக்கன்பாக்கும் ஸ்விஸ்காரரே.

மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை திறந்தது 1899-ல். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்விட்சர்லாந்தின் ஸெர்மாட் நகரிலிருந்து கோர்னர்கிராட் சிகரத்துக்கு ஆப்ட் பல்சட்டத்தில் ரயில் ஓடத் தொடங்கியது. அது முதல் நாளிலிருந்தே மின்சாரத்தில் ஓடியது. இன்றும் ஓடுகிறது, 3,089 மீட்டர் உயரத்துக்கு. எல்லோரும் போகிற யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர்; பெயர் பெரிது, கூட்டமும் பெரிது. என்னைக் கேட்டால் ஸெர்மாட் ஒரு படி மேல். எதிரே மேட்டர்ஹார்ன் சிகரம் நிற்கும்; காலடியில், குன்னூர்ப் பாதையில் பார்த்த அதே இரட்டைப் பல் வரிசை.

ஸ்விட்சர்லாந்து நாட்களுக்கு மட்டும் ஸ்விஸ் டிராவல் பாஸ் எடுப்பது புத்திசாலித்தனம். 3, 4, 6, 8, 15 நாள் கணக்கில் கிடைக்கும். ரயில், பஸ், ஏரிப் படகு எல்லாவற்றிலும் செல்லும். யுங்ஃப்ராவ்யோக் போன்ற சிகர ரயில்களுக்கு முழு இலவசம் கிடையாது, தள்ளுபடிதான். 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டை இலவசம். ஆனால் பெற்றோரில் ஒருவர் கூட வர வேண்டும். மாமனோடும் சித்தப்பாவோடும் அனுப்பிவைக்கிற பிள்ளைகளுக்கு அது செல்லாது. நம் குடும்ப அமைப்பு ஸ்விஸ்காரர்களுக்குப் புரியாது.

ஸ்டீயரிங் இடது பக்கம்

இனி கார். இறங்கிய அன்றே ஏர்போர்ட்டில் சாவி வாங்காதீர்கள். கொச்சிக்கு நாலைந்து மணி நேரம், அப்புறம் இரண்டு விமானம், தூக்கமில்லாத இரவு. அந்தக் கண்ணோடு, சாலையின் வலது பக்கம் ஓட்டும் நாட்டில் முதல்முறை ஸ்டீயரிங் பிடிப்பது வீரம் இல்லை. நாலாம் நாள், ஒரு சின்ன ஊரில், காலை நேரத்தில் வண்டி எடுங்கள். திட்டத்தில் ஸ்ட்ராஸ்பூரை வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறியவர்கள் கருங்காட்டு மலைப்பாதையைக் கண்டு அசரப் போவதில்லை. சிக்கல் வளைவில் வராது. பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, காலி ரோட்டில், கை தானாக இடது பக்கம் திருப்பும், அங்கேதான் வரும். பக்கத்து சீட்டில் உட்காருகிறவருக்கு ஒரே வேலை: ஒவ்வொரு திருப்பத்திலும் “வலது, வலது” என்று சொல்வது. இண்டிகேட்டர் போடப்போனால் வைப்பர் ஆடும், ஏனென்றால் அங்கே இண்டிகேட்டர் இடது கைப் பக்கம். கியர் வலது கையில். இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் ஆட்டோமேட்டிக் கேளுங்கள். வாடகை கூடுதல், எண்ணிக்கையும் குறைவு, முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

ரவுண்டானாவில் உள்ளே இருக்கிற வண்டிக்கே முன்னுரிமை. பிரான்ஸின் சின்ன ஊர்களில் பலகை ஏதும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும், அது சந்து மாதிரித் தெரிந்தாலும். ஆட்டோபானில் வேகக் கட்டுப்பாடு இல்லாத பகுதி உண்டு என்று கேள்விப்பட்டுக் கிளம்புகிறவர்கள், பரிந்துரைக்கப்பட்ட வேகம் 130 என்பதையும், இடது ஓரத் தடம் முந்துவதற்கு மட்டுமே என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளட்டும். ஹாரனை மறந்துவிடுங்கள்.

காகித வேலைகளில் முதலாவது சர்வதேச ஓட்டுநர் அனுமதி. நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பாஸ்போர்ட், விசா நகல்களோடு விண்ணப்பித்தால் ஆயிரம் ரூபாய்க் கட்டணத்தில் தருகிறார்கள்; ஓராண்டு செல்லும். அசல் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும். அடுத்தது கிரெடிட் கார்டு. டெபாசிட்டுக்காகக் கணிசமான தொகையைப் பிடித்து வைப்பார்கள். கார்டு, வண்டி ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்க வேண்டும். ஓட்டுவது மகன், கார்டு அப்பாவுடையது என்றால் கவுண்டரில் சாவி தரமாட்டார்கள். மகனுக்கு 25 வயது ஆகவில்லை என்றால் தனிக் கட்டணம் வேறு. நகரக் கிளைகள் பலவும் சனி மதியத்தோடு மூடி, ஞாயிறு திறப்பதில்லை. எடுக்கும் நாளையும் விடும் நாளையும் அதைப் பார்த்துக் குறியுங்கள். வண்டியை வாங்கியதும் நாலு பக்கமும், டயர் ரிம் உட்பட, வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது சீட்டர் வேன் சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம். ஆனால் ஒன்பது பேர் உட்கார்ந்தால் பெட்டி வைக்க இடம் இருக்காது. ஆறேழு பேருக்கு அது சரி. எரிபொருளில் குழப்பம் வேண்டாம்: பிரான்ஸில் டீசலுக்கு கஸோல் என்று பெயர், கேஸோலின்தானே, பெட்ரோல் என்று நினைத்து நிரப்பினால் எஞ்சின் போச்சு. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் பம்பில் ஒரு பொதுக் குறி உண்டு. வட்டத்துக்குள் இ5, இ10 என்று இருந்தால் பெட்ரோல். சதுரத்துக்குள் பி7 என்று இருந்தால் டீசல்.

காரோடு எந்த ஊருக்குள் நுழையக் கூடாது? பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், மிலன், ரோம் நான்கும் கண்ணை மூடிக்கொண்டு தவிர்க்க வேண்டியவை. ஃபுளோரன்ஸ் அதைவிட மோசம். இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிக்கு இசட்.டி.எல். என்று ஒரு எல்லை உண்டு. அனுமதி இல்லாத வண்டி அதைத் தாண்டினால் கேமரா நம்பர் பிளேட்டைப் பிடித்துக்கொள்ளும். போலீஸ்காரர் வந்து நிறுத்தமாட்டார், விசில் அடிக்கமாட்டார். ஊருக்குத் திரும்பி எல்லாம் மறந்த பிறகு, வாடகைக் கம்பெனி உங்கள் விவரத்தைக் கொடுத்ததற்கான கட்டணத்தைக் கார்டில் எடுக்கும். அபராதச் சீட்டு அதற்கும் பின்னால், வீட்டு விலாசத்துக்கே வரும். ஹோட்டலைத் தேடி ஒரே தெருவில் மூன்று முறை சுற்றியிருந்தால் மூன்று சீட்டு வரலாம். ஜெர்மன் நகரங்களுக்குள் பச்சை ஸ்டிக்கர், பிரெஞ்சு நகரங்களில் க்ரிட்ஏர் ஸ்டிக்கர், ஸ்விஸ் நெடுஞ்சாலைக்கு 40 ஃபிராங்க் வின்யெட் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வில்லை வேண்டும். எந்த நாட்டில் எடுக்கிற வண்டி எந்த நாட்டுக்குள் போகலாம் என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தேங்காய் போகும், நெய் போகாது

சாப்பாட்டுப் பெட்டி இல்லாமல் கோவையிலிருந்து யாரும் கிளம்புவதில்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை. ஆக, வீட்டில் உருக்கிய நெய் சுங்கத்தில் பறிபோகும். பழம், காய், இலை எதற்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். கறிவேப்பிலைக் கட்டு அதில் மாட்டும். விலக்கு ஐந்துக்கு மட்டும்: அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சை. பொள்ளாச்சித் தேங்காய்க்குப் பிரச்சினை இல்லை என்று அர்த்தம். பருப்புப் பொடி, ரசப் பொடி தாராளமாக வரலாம். சமையலறையுள்ள அப்பார்ட்மெண்ட் எடுத்தால் அரிசி அங்கேயே கிடைக்கும். பாரிஸில் கார் து நோர் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய லா ஷப்பேல் பகுதி ஈழத் தமிழர்களின் கடைத்தெரு. தோசை, இடியாப்பம், கறிவேப்பிலை எல்லாம் உண்டு. மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் ஓடுவதும் அந்தத் தெருக்களில்தான்.

மே மாதத்துக்கென்று சில கணக்குகள் உண்டு. நெதர்லாந்தின் கெய்கன்ஹோஃப் துலிப் தோட்டம் மே நடுவில் மூடிவிடும். அதற்காகப் போகிறவர்கள் ஏப்ரல் கடைசியைப் பிடிக்க வேண்டும். ஃபுர்கா, கிரிம்சல் போன்ற உயர்ந்த ஆல்ப்ஸ் கணவாய்ச் சாலைகள் பனி வழித்துத் திறக்க ஜூன் ஆகும். படத்தில் பார்த்த அந்த வளைவுச் சாலைகளில் ஓட்டுவதற்காகவே ஸ்விட்சர்லாந்தில் கார் எடுப்பவர்கள், மே மாதத்தில் அடைத்த கதவைத்தான் பார்ப்பார்கள். அங்கே ரயிலே போதும் என்று சொல்வதற்கு இதுவும் சேர்த்தி.

கடைசியாக விசா. ஷெங்கன் விசா 29 நாடுகளுக்கு ஒன்று, பிரிட்டனுக்குத் தனி. அதிக இரவு எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நம் திட்டத்தில் பாரிஸ் மூன்று, கோல்மார் மூன்று, ஆக பிரான்ஸ். கட்டணம் 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 45. முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் போய்வந்த இந்தியர்களுக்கு, 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி, இரண்டாண்டுப் பல்நுழைவு விசா கிடைக்க வழி உண்டு. கண்காட்சிக்கு அடிக்கடி போகும் கரூர், திருப்பூர்க்காரர்கள் இதைக் கேட்டு வாங்கலாம்.

பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பம் ஏற்கப்படும். மே மாதம் கிளம்புகிறவர்கள் மார்ச்சில் அப்பாயிண்ட்மெண்ட் தேடினால் எல்லா மையத்திலும் கூட்டம்தான் இருக்கும். தீபாவளி முடிந்த கையோடு பாஸ்போர்ட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.